புவாண்ட்-கிளேர் கல்வீட்டில் ஒரு சனிக்கிழமை

2007 செப்டம்பர், சனிக்கிழமை, காலை 9.40. மொன்றியலில், வில்லரேயில் எங்கள் வீட்டிலிருந்து டு கஸ்டெல்நோ மெற்றோ நிலையத்துக்கு ஏழு நிமிட நடை. குழந்தையின் தள்ளுவண்டியுடன் போனால் பன்னிரண்டு. நாங்கள் மூன்று பேர்: நான், இரண்டு வயது முடிந்த என் மகள் மெலனி, எங்களோடு தங்கியிருந்த யசிந்தா. யசிந்தா என்பது அவளுடைய உண்மைப் பெயரில்லை. இதை எழுதுவதற்கு அவளிடம் சம்மதம் கேட்டபோது, பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள்.

போன இடம் புவாண்ட்-கிளேரில், ஏரிக்கரையில் உள்ள ஒரு பழைய கல்வீடு. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பி வடக்கே வந்தவர்களுக்கு இடம் கொடுத்த வீடு. அதைப் பற்றிய துண்டுப்பிரசுரம் எங்கள் பகுதி நூலகத்தில் கிடந்தது. திறக்கும் நேரத்தையும், நுழைவுக் கட்டணத்தையும், குழந்தைக்கு அணையாடை மாற்ற வசதி உண்டா என்பதையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்தேன். அது என்ன வீடு என்பதை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஒழுங்காக வாசித்தேன். முன்பே வாசித்திருந்தால் வேறு இடத்துக்குப் போயிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் நான் ஒரு காரியமாகத்தான் புறப்பட்டேன். யசிந்தாவுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. மன்னாரிலிருந்து வந்தவள். எங்களுக்கு உறவில்லை. எங்கள் தேவாலயப் பங்குச் சுவாமி, "இரண்டு கிழமைக்கு ஓரிடம் வேணும்" என்று கேட்டதால் இரண்டு வாரத்துக்கென்று வந்து, எட்டு மாதமாக எங்கள் வரவேற்பறையில் படுத்தாள். அவளுடைய அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டுவிட்டது. வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டோர்வல் விமான நிலையத்துக்கு வரவேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. திருப்பி அனுப்புவதை நிறுத்திவைக்கும்படி வழக்கறிஞர் நீதிமன்றத்தைக் கேட்டிருந்தார். பதில் இல்லை. பதில் வராவிட்டால் தான் விமான நிலையத்துக்குப் போகப்போவதில்லை என்றும், எங்களோடு தொடர்ந்து நிற்கலாமா என்றும் புதன்கிழமை அவள் கேட்டாள்.

நானும் கணவரும் மூன்று நாள், சமையலறைப் புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்குள் கதைத்தோம். இளவாலையில் இருக்கும் என் அம்மா அப்பாவை இங்கே கூப்பிட நாங்கள் மனுப்போட்டு ஒன்றரை வருடமாகியிருந்தது. ஆளை ஒளித்து வைத்திருந்தோம் என்று தெரிந்தால் அந்த மனுவுக்கு என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது. கடைசியில், இயலாது என்று முடிவெடுத்தோம். சொல்லவேண்டியது நான். அவளுடைய மெத்தை சுருட்டி வைத்திருக்கும் அறையில் இருந்துகொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் ஒரு பயணம்.

10.05. நாங்கள் ஏறி இறங்கிய நிலையங்கள் எதிலும் மின்தூக்கி இல்லை. தள்ளுவண்டியின் முன்பக்கத்தை யசிந்தாவும் பின்பக்கத்தை நானும் பிடித்து இறக்கினோம். அவள் பின்னோக்கி இறங்குவாள், படியைப் பார்க்கமாட்டாள்.

"பாத்து, பாத்து," என்றேன்.

"அக்கா, எட்டு மாசமாப் பாத்துத்தான் இறங்கிறன். பிள்ளை நித்திரை, நீங்கள் தான் எழுப்பப் போறியள்."

நீலப் பாதையில் மேற்கே ஸ்னோடன் வரை ஏழு நிறுத்தங்கள். அங்கே செம்மஞ்சள் பாதைக்கு மாறி, லியோனல்-குறூ வரை நான்கு. அங்கிருந்து 211ஆம் இலக்க பஸ். நான் மாதாந்த அட்டை வைத்திருந்தேன். யசிந்தாவிடம் ஆறு பயணச்சீட்டுகள் சேர்ந்த துண்டு ஒன்று இருந்தது. அதில் இரண்டு மிச்சம். போக ஒன்று, வர ஒன்று.

10.55. பஸ் நெடுஞ்சாலை வழியாக டோர்வல் வரை நிற்காமல் ஓடும். இருபது நிமிடம். இந்த வழிதான் விமான நிலையத்துக்கும் போகிறது என்பது அட்டவணையில் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை. தலைக்கு மேலே ஒரு விமானம் மிகத் தாழ்வாக இறங்கியது. மெலனி எழுந்து, "அவியோன்! அவியோன்!" என்று கத்தினாள். கார்தெரியில், அதாவது பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், பழகிய பிரெஞ்சு. யசிந்தா அவளைத் தூக்கி மடியில் வைத்து, அடுத்த விமானத்தையும் காட்டினாள்.

டோர்வல் தரிப்பிடத்தில் விமான நிலையத் துப்புரவுச் சட்டையோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஏறி, எங்களுக்கு முன் இருக்கையில் அமர்ந்தார். இரண்டு நிமிடம் பொறுத்தார். பிறகு திரும்பினார்.

"தமிழோ?"

"ஓம்."

"ஊரிலை எவடம்?"

"இளவாலை."

"இளவாலையோ! இவ?"

"தங்கச்சி," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வேறு எதைச் சொல்வது என்றும் தெரியவில்லை.

அவர் முழுதாகத் திரும்பிவிட்டார். "இளவாலையிலை எவடம்? சேர்ச்சுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ? என்ரை மனுசி அந்தப் பக்கம் தான். ஆற்றை பிள்ளையள் நீங்கள்?"

நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் யோசித்தார். "அவருக்கு ஒரேயொரு பொம்பிளைப் பிள்ளை எண்டெல்லோ கேள்வி?"

யசிந்தா பேசாமல் இருந்திருக்கலாம். "நான் மன்னார், அண்ணை," என்றாள்.

அவர் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "அக்கா இளவாலை, தங்கச்சி மன்னார். நல்ல நீளமான வீடு தான் உங்கடை," என்றார். பிறகு தன் பகிடிக்குத் தானே சிரித்து, மெலனியின் கன்னத்தைத் தட்டி, "சரி பிள்ளை, நான் ஒண்டும் கேக்கேல்லை. திங்கள் செவ்வாய் விடிய நான் எயார்போட்டிலை தான். ஆரையேன் பிளேன் ஏத்த வந்தா என்னைக் கேளுங்கோ, கோப்பி வாங்கித் தாறன்," என்றார்.

நம்மவர்கள் வேறு எதைக் கேட்காவிட்டாலும் ஊரைக் கேட்பார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை. அவரும் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் இறங்கும் வரை நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

11.50. டோர்வலுக்கு அப்பால் பஸ் ஏரிக்கரை வீதியில் மெதுவாகப் போகிறது. இடப்பக்கம் சென்-லூயி ஏரி, வலப்பக்கம் பெரிய புல்வெளிகளுடன் வீடுகள். என் கணவர் வேலைசெய்யும் பண்டகசாலையும் புவாண்ட்-கிளேரில்தான். அது நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், கடைத்தொகுதிகளோடு. இந்தப் பக்கத்தை அவர் பார்த்ததில்லை.

வீட்டை நடத்துபவர்கள் சில தொண்டர்கள். வீட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் எழுதப்போவதில் ஒரு பகுதி அவர்களுடைய பிரசுரத்தில் இல்லாதது. சாம்பல் நிறக் கற்சுவர், முழங்கை முதல் விரல்நுனி வரை வைத்தாலும் போதாத தடிப்பு. சரிவான தகரக் கூரை. வாசல் என் உயரத்துக்கே தாழ்வு. பெரியவர்களுக்கு நான்கு டொலர், பிள்ளைகளுக்கு இலவசம். தள்ளுவண்டியை வெளியே விடச் சொன்னார்கள். களவு போய்விடுமோ என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன்.

வழிகாட்டியின் பெயர் டெனீஸ். நாற்பது வயதுக் கறுப்பினப் பெண். அவருடைய குடும்பம் மொன்றியலில் நான்கு தலைமுறை, தாத்தா ரயிலில் படுக்கைப் பெட்டிச் சிப்பந்தி. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மாறிமாறிப் பேசினார். அன்று அந்த நேரத்தில் வந்தது நாங்கள் மட்டும்தான். யசிந்தாவுக்கு இரண்டு மொழியும் அரைகுறை என்று நினைத்ததால், நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கீழே சமையலறை. ஆள் உள்ளே நிற்கக்கூடிய அடுப்புக் குழி, நீண்ட மேசை. மெலனி அங்கிருந்த நூல் நூற்கும் சக்கரத்தைப் பிடித்து இழுத்தாள். நான் பதறினேன். டெனீஸ், "விடுங்கள், அது போன வருடம் வாங்கியது," என்றார். ஏணி மாதிரியான படியேறினால் கூரைக்குக் கீழே ஓர் அறை. நடுவில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்கலாம். வைக்கோல் மெத்தைகள் இரண்டு, ஏரியைப் பார்க்கும் சிறு சன்னல் ஒன்று.

"எல்லோரும் சுரங்கம் எங்கே என்று கேட்பார்கள்," என்றார் டெனீஸ். "சுரங்கம் இல்லை. நிலவறையில் உருளைக்கிழங்கு இருந்தது. வந்தவர்கள் இங்கே படுத்தார்கள், கீழே அந்த மேசையில் சாப்பிட்டார்கள், விறகு வெட்டினார்கள். பனிக்காலம் முடிய வேலை தேடிப் போனார்கள். எல்லையைத் தாண்டிவிட்டால் சட்டப்படி அவர்கள் சுதந்திரமானவர்கள். ஆனால் தப்பியவர்களைப் பிடித்துக்கொண்டுபோகக் கூலிக்கு வரும் ஆள்பிடிப்பவர்கள் சட்டம் பார்த்து வருவதில்லை."

அதற்கும் முன்பு இதே மொன்றியலில் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதையும் அவர் சொன்னார். அது சுவர்ப் பலகையில் கடைசி வரியாக இருந்தது.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் யசிந்தா, "அப்ப அவையளுக்கு எல்லை தாண்டினா முடிஞ்சுது. கடிதம் ஒண்டும் வராது," என்றாள். அவள் என்ன சொன்னாள் என்று டெனீஸ் கேட்டார். வீடு அழகாக இருக்கிறதாம் என்றேன்.

படியிறங்கி மறுபடியும் சமையலறைக்கு வந்தோம். யசிந்தா மேசையில் கையை வைத்துக்கொண்டு, "வந்த எல்லாரையும் வைச்சிருந்தவையோ எண்டு கேளுங்கோ அக்கா. ஒருத்தரையும் அனுப்பேல்லையோ?" என்றாள்.

கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் கேட்கச் சொன்னதைக் கேட்காமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

டெனீஸ் எங்கள் இருவரையும் பார்த்தார். "இதை யாரும் கேட்பதில்லை," என்றார். அந்தக் காலத்தில் இந்த வீட்டில் குடியிருந்த பெண் தன் அக்காவுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றனவாம். ஒன்றில் இப்படி வருகிறது: ஒரு மாசி மாதம், பட்டப்பகலில், உறைந்த ஏரியைக் கடந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வந்து கதவைத் தட்டினார்கள். அந்த வாரம் ஆள்பிடிப்பவர்கள் இரண்டு பேர் ஊருக்குள் திரிவதாகக் கதை. கணவன் வீட்டில் இல்லை. கைக்குழந்தைக்குக் காய்ச்சல். அவள் வாசலில் வைத்தே சாப்பிடப் பாணும் போர்த்த ஒரு கம்பளியும் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

"பிறகு?" என்றேன்.

"பிறகு ஒன்றும் இல்லை. கடிதத்தில் அடுத்த வரி பன்றி இறைச்சியின் விலை. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது என்று அதற்கு அடுத்த வரி. அந்த இரண்டு பேருக்கும் என்ன நடந்தது என்று எவருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரிந்ததாக எங்கும் எழுதவில்லை. அதற்கு முன்னும் பின்னும் பலரை அவள் வைத்திருந்தாள். அதுவும் உண்மை."

யசிந்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தமிழில் சொன்னேன். ஏரி, பாண், கம்பளி, காய்ச்சல் எல்லாம் சொன்னேன். கடைசியில், "அவை பேந்து அடுத்த ஊரிலை வேறை ஒரு வீட்டுக்குப் போய்ச் சேந்திட்டினமாம். அங்கை நல்லாப் பாத்தவையாம்," என்று முடித்தேன்.

அந்த வாக்கியங்கள் தயாராக இருந்ததுபோல வந்தன. பள்ளிக்கூடத்திலும் வேலையிடத்திலும் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். மருத்துவரிடமும் குடிவரவு அலுவலகத்திலும் மற்றவர்களுக்காகப் போய் நின்றிருக்கிறேன். ஒரு சொல் கூட்டியதில்லை.

யசிந்தா தலையாட்டினாள். டெனீஸ் பார்வையாளர் புத்தகத்தை நீட்டினார். நான் என் பெயரையும் மெலனியின் பெயரையும் எழுதினேன்.

12.50. வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரையில் மூன்று வாங்குகள் இருக்கின்றன. கொண்டுபோன மீன் ரோல்ஸ் ஆறு, தண்ணீர்ப் போத்தல், மெலனிக்குத் தயிர்ச்சோறு. மெலனி பாதி சாப்பிட்டு, தள்ளுவண்டியில் நித்திரையானாள். காற்று இருந்தது. தொப்பியைப் போட்டுவிட்டேன். பிறகு வேர்க்குமோ என்று கழற்றினேன்.

யசிந்தா ஒரு ரோலைப் பிய்த்துக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி சொன்னாள். "அக்கா, அந்த மனுசி 'நோபடி நோஸ்' எண்டெல்லோ சொன்னவ."

நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகி மூடினேன்.

"அவ்வளவு இங்கிலீசு எனக்கு விளங்கும். நீங்கள் ஏன் அந்த ரெண்டு பேருக்கும் ஒரு வீடு கட்டிக் குடுத்தனீங்கள்?"

"நீ பயந்திடுவாய் எண்டு நினைச்சன்."

"நானோ?" என்றாள். சிரித்தாள் என்று சொல்லலாம். "புதன்கிழமை தொடக்கம் அந்த விசிறி ஓடுது. மூண்டு நாளாப் பொரியலே இல்லை. ஏன் ஓடுது எண்டு எனக்குத் தெரியாதோ? இதைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? சொல்லுங்கோ. நான் அழ மாட்டன். பிள்ளையும் நித்திரை."

நான் சொல்ல வேண்டிய வசனத்தை மெற்றோவில் மனதுக்குள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். மூன்றிலும் 'பாதருக்கு வேறை இடம் தெரியும்' என்று வரும். பாதருக்கு வேறு இடம் தெரியாது. பங்குச் சுவாமியிடம் நான் முன்பே கேட்டுவிட்டேன்.

"உனக்கு வேறை போக இடம் இருக்கோ?" என்றேன்.

"இல்லை."

"ஆரையேன் தெரியுமோ?"

"உங்களைத் தான் தெரியும்."

ஒரு வாத்துக்கூட்டம் கரையேறி வந்து ரோல்ஸ் துகளைப் பொறுக்கியது. நான் அம்மாவை நினைத்தேன். அவருடைய மருத்துவச் சோதனைத் தாள்கள் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. அப்பா ஒவ்வொரு தொலைபேசியிலும், "பேப்பர் என்ன மாதிரி?" என்றுதான் தொடங்குவார்.

"திங்கட்கிழமை நில்லு," என்றேன். "செவ்வாய்க்கிழமையும் நில்லு. அங்காலை எனக்குத் தெரியாது."

அதை இரக்கத்தில் சொன்னேனா, பொய் பிடிபட்ட வெட்கத்தில் சொன்னேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பிடிபட்டிராவிட்டால் சொல்லியிருக்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. யசிந்தா நன்றி சொல்லவில்லை. "அண்ணை என்ன சொல்லுவார்?" என்றாள்.

"அதை நான் பாக்கிறன்."

"விசிறியைப் போட்டிட்டோ?" என்றாள்.

2.35. திரும்பும் 211 பத்து நிமிடம் தாமதம். டோர்வலில் கூட்டம், பயணப் பெட்டிகளோடு பலர் ஏறினார்கள். யசிந்தா தன் கடைசிச் சீட்டில் வந்தாள். லியோனல்-குறூவில் தள்ளுவண்டியை மறுபடி தூக்கினோம். இந்தத் தடவை நான் பின்னோக்கி இறங்கினேன்.

4.20. கணவர் கதவைத் திறந்து மெலனியை வாங்கிக்கொண்டார். யசிந்தா குளியலறைக்குள் போனதும், "சொல்லிப்போட்டியோ?" என்று கேட்டார்.

"இல்லை. நிக்கச் சொல்லிப்போட்டன்."

அவர் மெலனியின் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து முடித்தார். "உன்ரை அம்மா அப்பாவை யோசிச்சனியோ?"

"யோசிச்சனான்."

"யோசிச்சுமோ?"

"ஓம்."

அவர் சப்பாத்துகளைக் கதவோரம் போட்டார். கோபம்தான். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: "அப்ப மணி அடிச்சா நீ போய்த் திற. என்ரை இங்கிலீசைக் கேட்டா, ஆள் இல்லாத வீட்டையும் தேடுவாங்கள்."

பயணக் கட்டுரை இங்கே முடிய வேண்டும். அந்த வீட்டையும் எங்கள் வீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் என்னால் முடிக்க இயலவில்லை. அந்த வீட்டுக்குத் தடித்த சுவரும், மேல் அறையும், பக்கத்து வீட்டுக்குக் கால் மைல் தூரமும் இருந்தன. எங்களுடையது மொன்றியலில் 'நாலரை' என்று சொல்லும் அளவு: இரண்டு படுக்கையறை, வரவேற்பறை, சமையலறை, அரை என்று கணக்கிடப்படும் குளியலறை. மேல் வீட்டுக்காரர் தும்மினால் கேட்கும். அந்த வீட்டுப் பெண் பலரை வைத்திருந்தாள், இரண்டு பேரை அனுப்பினாள். நான் ஒருத்தியை அனுப்புவதற்காகப் போய், அனுப்பாமல் திரும்பினேன்.

திங்கட்கிழமை கணவர் வழமைபோல வேலைக்குப் போனார். போகாவிட்டால் வித்தியாசமாகத் தெரியும் என்று நினைத்தோம். மெலனியைக் கார்தெரிக்கு அனுப்பவில்லை. பத்து மணி ஆனது. பத்து ஐந்து ஆனது. யசிந்தா படுக்கையறைத் தரையில் இருந்து மெலனிக்குக் கட்டைகள் அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்து இருபதுக்கு வாசல் மணி அடித்தது.

நான் எழுந்தேன். போகும் வழியில் படுக்கையறைக் கதவைப் பிடித்து இழுத்துச் சாத்தினேன். அப்படிச் செய்ய வேண்டும் என்று நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. பிறகு போய் வாசலைத் திறந்தேன். கீழ்வீட்டு அம்மா நின்றிருந்தார். தள்ளுவண்டி படிக்கட்டை மறிக்கிறதாம். மன்னிப்புக் கேட்டு அதை உள்ளே எடுத்தேன்.

பதினொன்று ஐந்துக்கு வழக்கறிஞரிடமிருந்து தொலைபேசி வந்தது. நீதிமன்றம் நிறுத்திவைத்திருக்கிறது, இப்போதைக்கு அவள் போகவேண்டியதில்லை என்றார். நான் நன்றி சொன்னேன், வழக்கு இலக்கத்தைத் தாளில் எழுதினேன், இரண்டு தரம் வாசித்துச் சரிபார்த்தேன். கணவருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். அதற்குப் பிறகு மெலனி உள்ளேயிருந்து கையால் தட்டத் தொடங்கியபோதுதான், அந்தக் கதவு இன்னும் சாத்தியபடியே இருப்பதும், யசிந்தாவுக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்பதும் நினைவுக்கு வந்தன.